அருகில் இருப்பவர் யார்?

"சென்னைக்கு மிக அருகில்!" - கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய், கேலிப் பேச்சாகவே ஆகிவிட்ட மனை விளம்பரம் இது. எது அந்த இடம் என்று கேட்டால், ஒருவர் பூவிருந்தவல்லியைக் காட்டுவார். மற்றொருவர் திருவள்ளூரைக் காட்டுவார். துணிவு மிகுந்தவரோ, 80 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருத்தணி மலையையே காட்டிவிடுவார்! அந்த மலைக்கும் மேற்கே, ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது ஆர்.கே.பேட்டை. தறியின் ஓசை ஓயாத வட்டாரம் அது. நேற்றுவரை நிலக்கடலை விளைந்த நிலத்தில் கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, வாருங்கள் வாங்குங்கள் என்று அழைக்கும் வணிகம் அந்தத் திசையையும் விட்டுவைக்கவில்லை.

அருகில் என்கிறார்களே, யாருக்கு அருகில்?

தொலைவு என்பது கல்லால் அளக்கப்படுவது, அரசனுக்கும் ஆண்டிக்கும் அது ஒன்றே, இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நடப்பது என்ன? சொந்த மோட்டார் வைத்திருக்கும் கனவான் காலைக் காப்பியை அருந்திவிட்டு ஆர்.கே.பேட்டையில் புறப்படுகிறார், பகல் உணவுக்கு முன்னரே சென்னையில் வேலையை முடித்துவிடுகிறார். அதே ஊரில் விசைத்தறியின் முன்னே நின்று லுங்கி நெய்யும் தொழிலாளி, நோயுற்ற தாயைச் சென்னைப் பெரிய மருத்துவமனையில் காட்ட எண்ணுகிறார். ஊரில் ரயில் இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்று, திருத்தணி போய்ச் சேர்ந்து, அங்கே ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, வரிசையில் நின்று, மருந்து வாங்கி, வந்த வழியே திரும்பி வீடு சேரும்போது ஊர் உறங்கிவிடுகிறது. ஒரு நாள் கூலி போயிற்று; மறுநாள் உடல் எழாவிட்டால் அந்தக் கூலியும் போயிற்று. பாவு நூல் தந்து துணி வாங்கிக் கூலி தரும் முதலாளி, பயண நேரத்துக்குக் கூலி தருவாரா? ஒரே ஊர், ஒரே தொலைவு. ஒருவருக்கு அது அரைப்பொழுது. மற்றவருக்கு இரண்டு நாள் அடுப்பு.

ஆகவே, தொலைவு இயற்கை தந்ததன்று, மனிதர் செய்தது. மனிதர் செய்ததென்றால், அதில் நீதி உண்டா, அநீதி உண்டா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

தமிழகத்திற்கு இந்தக் கேள்வி புதியதன்று. ஊரை விட்டுச் சேரியைத் தள்ளி வைத்தார்களே, அந்தத் தொலைவை யார் அளந்தார்கள்? 1924இல் வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகப் போராட வேண்டியிருந்தது. நடக்கக் கூடாதவர் நடப்பதற்காகப் பெரியார் சிறை புக வேண்டியிருந்தது. மோட்டார் பஸ்ஸும் வந்தது. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று மகிழ்ந்தோரும் உண்டு. இயந்திரத்துக்குத் தெரியாமலிருக்கலாம், அதன் உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததே! ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த பஸ்கள் ஓடின. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்ட பிறகே அங்கே கதவு திறந்தது. கடலுக்கப்பால், அமெரிக்க நாட்டு மாண்ட்கோமரி நகரில், 1955இன் இறுதியில் தொடங்கி 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தனர். பல்லாயிரவர் வேலைக்கு நடந்தே போயினர். பஸ்ஸில் உட்காரும் இடம் பற்றிய சண்டையா அது? நாட்டில் தமக்குரிய இடம் பற்றிய சண்டை.

அந்தப் பலகைகள் போயின. இன்று எந்தச் சாலையின் தலைப்பிலும் 'இன்னார் வரக்கூடாது' என்று எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லாமற் போய்விட்டது!

சித்தூரிலிருந்து பொன்னேரிப் பக்கமுள்ள தச்சூர் வரை, சுமார் 116 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுவழிச் சாலை ஒன்று திட்டமிடப்பட்டது. ஆர்.கே.பேட்டைக்கு அண்டையிலுள்ள பள்ளிப்பட்டு வட்டத்திலும், கிழக்கே ஊத்துக்கோட்டை வட்டத்திலும் அதற்காக நிலம் எடுக்க முனைந்தபோது உழவர்கள் கலங்கினர்; எதிர்த்தனர். இத்தகைய விரைவுச்சாலையின் இலக்கணம் என்ன? குறித்த சில இடங்களில்தான் ஏறலாம், இறங்கலாம். இருபுறமும் தடுப்பு. இருசக்கர வண்டிக்கும் டிராக்டருக்கும் அங்கே இடமில்லை. விரைவும் பாதுகாப்பும் கருதி வகுத்த விதி; அதில் குற்றம் காண நாம் முனையவில்லை. ஆனால், எவனுடைய வயல் அந்தச் சாலைக்குப் படுக்கையாயிற்றோ, அவனுடைய வண்டி அதில் ஏறலாகாது. ஐந்து கல் சுற்றி, அடிப்பாலத்தில் நுழைந்து, துண்டாகிப்போன தன் மறுபாதி நிலத்துக்குப் போய்ச் சேரவேண்டும். வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கலாம், பளபளக்கும் மோட்டார்கள் பறப்பதை. அவன் சாலைக்கு அருகில் இருக்கிறான். சாலை அவனுக்கு அருகில் இல்லை.

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. நிலத்தை இழந்தவனுக்கு இழப்பீடு உண்டல்லவா என்பார்கள். உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமானது என்பதையும் ஒப்புகிறோம். நாட்டுப்புறத்தில் சந்தை மதிப்பைப் போல் நான்கு மடங்கு வரையில் தர அதில் வழியுண்டு. ஆனால் எந்த நாளின் சந்தை மதிப்பு? அறிவிப்பு வந்த நாளின் மதிப்பு. அதாவது, சாலை வருமுன் இருந்த மதிப்பு. அடுத்த வயல்காரனைப் பாருங்கள். ஓர் அங்குலமும் இழக்கவில்லை, ஒரு கூடை மண்ணும் சுமக்கவில்லை. சாலை வந்த பிறகு வரும் விலை முழுவதும் அவனுக்கு! அவனாவது உழவனாக இருந்தால் வாழ்த்திவிட்டுப் போகலாம். முன்கூட்டியே செய்தி அறிந்து, சென்னையிலிருந்து வந்து வளைத்துப் போட்டவர் கையிலே அந்த நிலம் இருந்தால்? அந்த வயலில் களையெடுத்துப் பிழைத்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அவள் பெயரில் பட்டா இல்லை. ஆதலால் நிலத்தின் விலையில் அவளுக்கு ஒரு காசும் இல்லை.

ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் 1879இல் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலில் இதைத்தான் கேட்டார். ஊர் வளர்ந்ததால் ஏறிய நில விலை, ஊரின் உழைப்பில் விளைந்தது. அதை ஒருவர் மட்டும் மடியில் கட்டிக்கொள்வது எந்த நியாயம் என்று கேட்டார். நிலத்தின் மீது மட்டும் வரி போதும் என்ற அவருடைய மருந்தை முழுவதும் விழுங்க வேண்டியதில்லை. நோயை அவர் சரியாகவே கண்டார். ஹாங்காங்கில் ரயில் நிறுவனம், தன் நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டடம் எழுப்பி, ரயிலால் ஏறிய மதிப்பில் ஒரு பங்கை ரயிலுக்கே கொண்டுவருகிறது. ஆகவே, இது ஏட்டுக் கனவென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

"உழைத்துச் சேர்த்தவன் மோட்டார் வாங்குகிறான், நகருக்கு வெளியே காற்றோட்டமான வீடு கட்டுகிறான், உமக்கேன் எரிச்சல்?" என்று கேட்கப்படும். எரிச்சல் இல்லை. வளம் வரட்டும், ஆர்.கே.பேட்டை நெசவாளி வீட்டின் முன்னும் மோட்டார் நிற்கட்டும். வளம் வந்ததன் பேரால் பொதுவழி சுருங்குவதைத்தான் ஒப்ப மறுக்கிறோம். வசதியுள்ளவர் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கியபின், பஸ் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. கேட்கிற குரலுக்கு மதிப்பில்லை. ஏழைக்கென்று மட்டும் ஓடும் பஸ், விரைவில் ஏழை பஸ்ஸாகவே ஆகிவிடும்.

தொழிற்சாலையே பஸ் விடுகிறதே என்பாரும் உண்டு. திருப்பெரும்புதூரில் 2006இல் திறக்கப்பட்ட நோக்கியா ஆலைக்கு, நெடுந்தொலைவுச் சிற்றூர்களிலிருந்து இளம்பெண்கள் ஆலை பஸ்ஸிலே போய் வந்தனர். 2014இல் ஆலை மூடப்பட்டது. பஸ்ஸும் போயிற்று. ஊருக்கும் நகருக்கும் இடையே இருந்த தொலைவு ஒரே நாளில் பழையபடி நீண்டது. முதலாளியின் தயவால் குறைந்த தொலைவு அது. 2021 மே திங்களில் தமிழக அரசு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்ததே, அது வேறு வகை. கணவனிடமோ மாமியாரிடமோ கை நீட்டாமல் ஒரு பெண் வீட்டு வாசலைத் தாண்ட முடிகிறது. அது தயவன்று, உரிமை. ஆனால் சீட்டு இலவசமாகிவிட்டால் போதுமா? மாலை மயங்கியபின் அம்மையார்குப்பத்துச் சாலையில் நிற்பவளுக்கு, வராத பஸ்ஸின் இலவசச் சீட்டு எதற்கு?

இந்த மண் தமிழகத்தோடு சேர்ந்ததே வழக்காடியும் போராடியும்தான். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு போன திருத்தணிப் பகுதி, ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய கிளர்ச்சிக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாளன்று திரும்பி வந்தது. 2018இல் சென்னைப் பெருநகர எல்லையை 8,878 சதுர கிலோமீட்டராக விரிக்க முனைந்தபோது திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் அதற்குள் அடங்கிற்று; ஏட்டளவில் ஆர்.கே.பேட்டையும் மாநகரமாயிற்று! 2022இல் அந்த அளவு 5,904ஆகக் குறைக்கப்பட்டது. கோடு வந்தது, கோடு போனது. கோட்டுக்குள் வந்தபோது ஒரு பஸ் கூடிற்றா என்பதை அந்தச் சாலையில் காத்து நிற்பவர்களைக் கேட்டால் போதும்.

திண்டிவனத்திலிருந்து ஆர்க்காடு, சோளிங்கர் வழியே இந்த எல்லைப்புறத்தைத் தொட்டு நகரி வரை செல்லவேண்டிய ரயில் பாதை, சுமார் 180 கிலோமீட்டர், 2006-07 நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் வாக்குரிமை பெற்றுவிட்டனர். மனை விற்பவர் மட்டும், ரயில் நிலையமும் வரப்போகிறது என்று விளம்பரத்தில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்கிறார், விலையையும் ஏற்றிக்கொள்கிறார். தறிக்காரர் இன்னமும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்.