'உங்களுக்கு' என்றால் யாருக்கு?

டிசம்பர் 31 இரவு பதினோரு மணிக்கெல்லாம் தூத்துக்குடித் தேரிக்காட்டு ஊர்களில் கோயில் நிறைந்துவிடும். (அங்கே தேவாலயமும் கோயில்தான்.) சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்கள் ஊர் வந்திருப்பார்கள். பன்னிரண்டு அடிக்கப் போகும்போது முழங்கால். மணி அடித்ததும் பாட்டும் கைகுலுக்கலும். பிறகு ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள், அட்டைக்கு ஒரு வாக்குத்தத்த வசனம். கைக்கு வந்ததுதான் அந்த வருடத்துக்கு.

பீடி சுற்றும் ஒரு பெண்ணின் கைக்கு, கடன் வாங்கமாட்டாய், பிறருக்குக் கொடுப்பாய் என்ற பொருளில் ஒரு வசனம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணை. வீட்டுக்காரர் பனையேறி, பதநீர் இறங்கப் பங்குனி ஆகும். இந்த அட்டையை அவளிடம் நீட்டியது இரக்கமா, ஏமாற்றா?

ஏமாற்று என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. அந்த அட்டையை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அவள் மறுநாள் எழுந்து முறத்தை மடியில் வைக்கிறாள். அந்தத் தெம்பைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. பிடிக்காத வசனம் வந்தால் நைசாகத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பவர்களும் உண்டு. அதிலும் பெரிய பாவம் இல்லை. தட்டில் கிடப்பதெல்லாம் முன்பே பொறுக்கி எடுத்த இனிப்புகள்தானே. ஏழையை மிதிப்பவர்களைத் தீர்க்கதரிசி ஆமோஸ் வைத வசை எந்த அட்டையிலும் அச்சாவதில்லை.

தப்பு நடப்பது அடுத்த டிசம்பரில். கடன் தீரவில்லை. வாக்குத் தந்தவர் பொய் சொல்லமாட்டார், அட்டை கொடுத்த சபையை யாரும் கேட்கப்போவதில்லை. மிச்சம் இருப்பது அவள் மட்டும். "விசுவாசம் பத்தாதும்மா" என்று யாராவது ஆறுதல்போலச் சொல்லிவிடுவார்கள். வட்டியோடு சேர்த்து இந்தப் பழியும் அவள் கணக்கில் ஏறுகிறது.

புத்தாண்டு அட்டைகளில் அதிகம் காணும் வசனங்களில் ஒன்று எரேமியா 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் பற்றியது. அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், திரும்பிவர எழுபது வருடம் ஆகும் என்கிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்னவன் முந்தின அதிகாரத்தில் வருகிறான். அவன் பெயர் அனனியா, கள்ளத் தீர்க்கதரிசி. அட்டையில் எரேமியாவின் வசனத்தை அச்சடித்து, அனனியாவின் கெடுவை வைத்துக் கொடுத்தால் அது யாருடைய வாக்கு?

தமிழ் வேதாகமத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதில் கடவுள் ஒற்றை ஆளிடம் பேசினால் 'நீ' என்பார். மரியாதைப் பன்மை கிடையாது. இந்த வசனத்தில் இருப்பதோ 'உங்கள்'. அதாவது, மொத்தச் சனத்துக்கும் சொன்னது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊர் மொராவிய சபை 1728 முதல் நாளுக்கு ஒரு வசனம் வைக்கிறது, 1731 முதல் அச்சிடுகிறது. அங்கேயும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் அதே வசனம். இங்கே தட்டு வரிசைக்கு வரிசை நகரும்போது பன்மை ஒருமையாகிவிடுகிறது.

பன்மையாகவே வாங்கியிருந்தால் செவ்வாய்க்கிழமைத் தவணை சபையின் தவணையும் ஆகியிருக்கும். நடவாத காரியமில்லை. மதம் மாறியதற்காக விரட்டப்பட்டவர்கள் குடியிருக்க நிலம் வாங்கித் தர, பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். அன்று வாக்குத்தத்தத்துக்குப் பட்டாவும் சேர்ந்தே வந்தது.

இன்றும் அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, ஊரே அரிசி கொடுக்கிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. கூடி வாழத் தெரியாத சனம் இல்லை. ஆனாலும் சங்கக் காணிக்கை நிலுவை என்று வரும்போது சபைக்கு ஒருமை நன்றாகவே தெரிகிறது: சபையார் கணக்கு நோட்டில் அவள் பெயருக்கு நேரே, எத்தனை மாதப் பாக்கி என்று, தனித்தனியாக எழுதியிருக்கும்.