கலங்கிய ஓடையும் கிறிஸ்தவனின் மனச்சாட்சியும்



எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமம் 34-ம் அதிகாரத்தில் சர்வேசுரன் கொழுத்த ஆடுகளைக் கண்டிக்கிறார். தெளிந்த நீரைத் தாங்கள் குடித்துவிட்டு, மீதியைக் காலால் மிதித்துக் கலக்கினதே அவற்றின் குற்றம். பின்னால் வந்த மெலிந்த ஆடுகளுக்குச் சேறுதான் மிஞ்சிற்று.

ஏற்காட்டில் குடியிருக்கும் நாம் இதை இருமுறை வாசிக்கவேண்டும். நாம் ஊற்றுக்கண்ணருகே இருப்பவர்கள். நமது சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகர் வழியாய்ப் போய்க் காவேரியில் கலக்கிறது. வாணியாறு தென்பெண்ணையைச் சேருகிறது. முதலில் குடிப்பவர் நாம். நமக்குப் பின் குடிப்பவர் ஆயிரமாயிரம் பேர்.

ஓடை சுகமாயிருக்கிறதா என்று எப்படி அறிவது? நல்ல ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் சின்னஞ்சிறு ஜீவன்கள் ஒட்டியிருக்கும். ஒன்று மணலையும் இலைத்துணுக்கையும் தன் வாயிலிருந்து வரும் பட்டுநூலால் ஒட்டி, தனக்கு ஒரு குழல்வீடு கட்டிக்கொள்ளும். வேறொன்று இறகுபோன்ற செவுள்களால் நீரிலுள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கும். தட்டான்பூச்சியின் குஞ்சும் அங்கேதான் வளரும். கரைமரம் உதிர்க்கும் இலை இவற்றில் பலவற்றுக்கு ஆகாரம். இவை மீனுக்கும் தவளைக்கும் ஆகாரம். நீர் கெட்டால் இவற்றில் மென்மையானவை முதலில் மறையும். அழுக்கைத் தாங்கும் செந்நிறப் புழுக்களே பெருகும். நம் மூக்குக்கு நாற்றம் எட்டுமுன்பே இந்த எளிய ஜீவன்கள் நம்மைக் குறித்துச் சாட்சி சொல்லிவிடுகின்றன.

கெடுதல் எங்கிருந்து வருகிறது? 1820-க்குப் பிந்திய ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் முயற்சியால் இங்கே காப்பி வேரூன்றிற்று. அது அநேகம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதில் பாவமொன்றுமில்லை. ஆனால் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய நீரை அப்படியே ஓடையில் விட்டால், அதிலுள்ள சாறும் வழவழப்பும் அழுகி, நீரின் பிராணவாயுவை விழுங்கிவிடும். கழுவும் காலமோ, மழை ஓய்ந்து ஓடை சுருங்கும் காலம். கரைமரங்களை வெட்டிச் சரிவைக் கொத்தினால், மழையில் மண் கரைந்து கற்களின் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். குழல்வீட்டுப் புழுவுக்கு இடமில்லை. வீட்டுச் சாக்கடை, விடுதிக் கழிவு, பூச்சிமருந்து கழுவிய வாளி ஆகியவையும் அதே வழியே இறங்குகின்றன.

“யார் பார்த்தார்கள்?” என்று சிலர் நினைக்கலாம். சிருஷ்டித்தவர் பார்க்கிறார். ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே வைத்தார். குடிநீர் மனிதர் ஒவ்வொருவருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டின் ‘லவுதாத்தோ சீ’ நிருபத்தில் போதித்தார். ஆகையால் கீழே இருப்பவனின் நீரைக் கெடுப்பது பிறர்சிநேகத்துக்கு விரோதமான குற்றம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாவையும் கையையும் சோதிக்கிறோம். நம் வீட்டு வாய்க்காலையும் சோதிப்போமாக.

தோட்டமுடையவர்கள் கழுவுநீரைக் குழியில் தேக்கிச் சுத்தி செய்யட்டும். பழத்தோலை மக்கவைத்து எருவாக்கட்டும். ஓடைக்கரையில் மரமும் புல்லும் நிற்க விடுங்கள். தாய்மார்களே, குப்பையை ஓடையில் கொட்டாதிருக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். தொழிலாளரே, மருந்து டப்பாவை ஓடையில் கழுவச் சொன்னால், அது தகாதென்று பணிவாய் எடுத்துச் சொல்லுங்கள்; சொல்லுகிறவரைக் கோபிக்காதிருப்பது எஜமானரின் கடமை.

நம் சிரசில் ஞானஸ்நானமாய் வார்க்கப்பட்டது தண்ணீர். திவ்விய பூசையில் இரசத்தோடு சேருவதும் ஒரு துளி தண்ணீர். சேசுநாதர் இவ்வளவு உயர்த்திய சிருஷ்டியை, மலையைவிட்டு இறங்கும்போது, நாம் பெற்றவண்ணமே தெளிவாய் அயலானுக்கு அனுப்பிவைக்க நமக்கு வரப்பிரசாதம் அருளும்படி தேவமாதாவின் வழியாய் மன்றாடுவோம். ஆமென்.