அநாகதத்துக்கு எந்த ஷேடு?

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பது என் வேலை. யோகா பனியன் ஆர்டர் ஒன்றில், உடலில் இருப்பதாக யோகம் சொல்லும் சக்கரங்களில் அநாகதத்துக்குப் பச்சை, மணிபூரகத்துக்கு மஞ்சள் கேட்டிருந்தார்கள். பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய ‘ஷட்சக்ர நிரூபணம்’ என்ற நூலிலோ அநாகதத் தாமரையின் 12 இதழ்களும் பந்தூகப் பூச் சிவப்பு, மணிபூரகத்தின் பத்து இதழ்களும் கார்மேக நிறம். சக்கரங்களுக்குப் பச்சை, மஞ்சள் என்ற வானவில் வரிசை இருபதாம் நூற்றாண்டில் மேற்கே சேர்ந்தது.

எங்கள் லைட் பாக்ஸில் விளக்கை மாற்றினால் சில சமயம் ஒரே துணி வேறு ஷேடு காட்டும். தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற தாமரைக்கு எந்த விளக்கு? அந்த நிறங்கள் அளப்பதற்கு அல்ல, மனத்தை நிறுத்துவதற்குச் சொன்னவை என்றே எனக்குப் படுகிறது. அதனால் சாய மாதிரியான லேப் டிப்புக்கு, கேட்டபடி பச்சையே அனுப்பினேன்.