கைமாறும் செய்தி, கைமாறாத பொறுப்பு

2019 பிப்ரவரியில் 'தி கார்டியன்' நாளிதழின் இணையதளத்தில் ஒரு பழைய செய்திக்குத் திடீரென்று கூட்டம் குவிந்தது. பிரிட்டனின் உணவுப் பொருள்களில் குதிரை இறைச்சி கலந்த விவகாரம் பற்றி ஆறு ஆண்டுகளுக்கு முன் வெளியான செய்தி அது. ஃபேஸ்புக் வழியாக யாரோ பகிர, அதைப் பார்த்து மற்றவர்கள் பகிர, நேற்று நடந்ததுபோல அது மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது. செய்தியில் பொய் எதுவும் இல்லை. நிருபர் சரியாகத்தான் எழுதியிருந்தார். பகிர்ந்தவர்களும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் தேதியைக் கவனிக்காதவர் மனதில் பதிந்தது தவறான செய்தி.

இதில் யார் மேல் குற்றம்?

ஆசிரியர் குழுவின் கூட்டத்தில் பேசித் தீர்த்துவிடக்கூடிய தொழில்நுட்பக் கேள்வி போலத்தான் இது தெரியும். ஆனால் கொஞ்சம் தோண்டினால், சமய மரபுகள் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டிய கேள்வி அடியில் கிடக்கிறது: பிறர் சொன்னதை அப்படியே இன்னொருவருக்குச் சொல்கிறவர், சொன்னதற்கு எவ்வளவு பொறுப்பாளி?

பத்திரிகைகள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஷேர் பட்டனைச் சேர்க்கவில்லை. 2006 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் கட்டுரைகளோடு டிக், ஃபேஸ்புக், நியூஸ்வைன் தளங்களுக்கான இணைப்புகளைச் சேர்த்தது. 2010 ஏப்ரலில் ஃபேஸ்புக் தன் லைக் பட்டனை வெளித் தளங்களுக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ட்விட்டரின் பட்டன் வந்தது. அதற்கு முன் ஒரு செய்தியை நண்பருக்கு அனுப்ப வேண்டுமானால் கத்தரித்து, உறையில் போட்டு, தபால்தலை ஒட்ட வேண்டும். குறைந்தது ஒரு மின்னஞ்சலாவது எழுத வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் 'இதை ஏன் அனுப்புகிறேன்' என்ற யோசனைக்கு இடம் இருந்தது. பட்டன் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. வாசகராக இருந்தவர் ஒரு தொடுதலில் அறிவிப்பாளர் ஆகிவிட்டார்.

அறிவிப்பாளர் என்ற சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் நன்கு அறிவார்கள். நபிமொழி ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அறிவிப்பாளர் தொடர் இருக்கும்: இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று நபிகளின் காலம் வரை போகும் பெயர் வரிசை. 9ஆம் நூற்றாண்டில் இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் நபிமொழிகளைத் தொகுத்தபோது, சொல்லப்பட்ட செய்தியைப் போலவே சொன்னவர்களையும் நிறுத்துப் பார்த்தார்கள். தொடரில் அடுத்தடுத்து வரும் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா என்று முஸ்லிம் பார்த்தார். அது போதாது, அவர்கள் நேரில் சந்தித்ததற்குச் சான்று வேண்டும் என்றார் புகாரி. ஓர் அறிவிப்பாளர் நேர்மையானவரா, ஞாபகசக்தி எப்படி என்றெல்லாம் விசாரித்து எழுதிவைக்க ஒரு தனிக் கலையே வளர்ந்தது. முதுமையில் நினைவு குழம்பியவர் என்றால், குழம்புவதற்கு முன் அவரிடம் கேட்டவர்கள் யார், பின் கேட்டவர்கள் யார் என்று பிரித்தார்கள். நல்லவர், பக்திமான் என்ற ஒரே காரணத்துக்காக எவர் சொல்லையும் ஏற்றுக்கொள்ளவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பிவிட்டார் என்பதால் நம்பிவிடுகிற நமக்கு இது உறைக்க வேண்டும்.

காதில் விழுந்ததையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யர் ஆக்கப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழியை முஸ்லிம் தன் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். அவர் பொய் சொல்ல நினைக்க வேண்டியதே இல்லை. சலிக்காமல் கடத்தினால் போதும். நம்பத்தகாதவர் ஒரு செய்தியோடு வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்று திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரைன்பாடா கிராமத்தில் 5 பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அதே வதந்தி அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியின் உயிரைக் குடித்தது. அந்த வதந்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஊரைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார்கள்.

வதந்திக்கு இது சரி. பத்திரிகையில் வந்தது உண்மைச் செய்தி ஆயிற்றே, அதைப் பகிர்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். யூத மரபு இங்கே இன்னும் கடுமையான ஒரு நிலையை எடுக்கிறது. 1873-இல் ரபி இஸ்ரேல் மேயர் ககன் வெளியிட்ட 'ஹாஃபெட்ஸ் ஹாயிம்' என்ற நூல் முழுக்கப் புறங்கூறல் பற்றிய சட்டங்கள்தான். ஒருவரைப் பற்றிய இழிசொல் உண்மையாக இருந்தாலும் அதைச் சொல்வது குற்றம் என்கிறது அது; பொய்யாக இருந்தால் அது வேறு, இன்னும் பெரிய குற்றம். சொல்பவர், கேட்பவர், சொல்லப்படுபவர் என மூவரையும் புறங்கூறல் கொல்கிறது என்பது யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத் காலத்துக் கருத்து. அப்படியானால் ஊழலை எழுதும் நிருபர் பாவியா? இல்லை. ஒரு தீமையைத் தடுக்க, பாதிக்கப்பட்டவருக்கு உதவ, பேசலாம் என்று ககன் வழிவிடுகிறார். அதற்கு 7 நிபந்தனைகளும் போடுகிறார். விஷயத்தை நீயே நேரில் அறிந்திருக்க வேண்டும், மிகைப்படுத்தக் கூடாது, உன் நோக்கம் பயனாக இருக்க வேண்டும், வெறுப்பாக இருக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில.

நல்ல நிருபர் இந்த நிபந்தனைகளோடு ஏறக்குறைய ஒத்துப்போவார். அதே செய்தியைப் பகிர்கிறவர்? அமெரிக்காவின் ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மனும் நியூயார்க் டைம்ஸ் வாசகர்கள் அதிகம் மின்னஞ்சல் செய்த கட்டுரைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 3 மாதங்களில் வெளியான ஏறத்தாழ 7,000 கட்டுரைகள். வியப்பூட்டியவை நிறையப் போயின. கோபமும் பதற்றமும் தந்தவையும் நிறையப் போயின. சோகம் தந்தவை குறைவாகவே போயின. கொதிக்கிற மனம் அனுப்புகிறது, கனக்கிற மனம் அனுப்புவதில்லை. எது பயன் தரும் என்ற கணக்கு அந்தக் கொதிப்பில் கரைந்துவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரரின் வழக்கு பற்றிய செய்தியைத் தெருக் குழுவில் போடுகிறவர் நீதிக்காகப் போடுகிறாரா, வேடிக்கைக்காகப் போடுகிறாரா என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது.

அரை உண்மையின் கதையை நம் ஊர்க் கூத்து மேடைகள் விடிய விடியச் சொல்லியிருக்கின்றன. குருக்ஷேத்திரத்தில் துரோணரை வீழ்த்த, அவர் மகனின் பெயரையே கொண்ட அசுவத்தாமன் என்ற யானையைப் பீமன் கொல்கிறான். தருமன் வாயைத் திறக்கிறான்: அசுவத்தாமன் இறந்தான். யானை என்ற சொல் துரோணர் காதுக்கு எட்டாதபடி மங்கிவிடுகிறது. அதுவரை நிலத்திலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நின்ற தருமனின் தேர் மண்ணைத் தொட்டது என்கிறது மகாபாரதம். வாக்கியம் முழுதாக எடுத்தால் உண்மை. போய்ச் சேர்ந்தது பொய். தலைப்பை மட்டும் படித்துப் பகிரும்போது நடப்பதும் இதுதான். கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பிபிசி, சிஎன்என், நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட 5 செய்தி நிறுவனங்களின் லிங்க்குகள் ட்விட்டரில் எப்படிப் பயணித்தன என்று பார்த்தார்கள். பகிரப்பட்ட லிங்க்குகளில் 59 சதவீதத்தை ஒருவர்கூடத் திறக்கவே இல்லை. யானை என்ற சொல் கட்டுரைக்குள்ளேயே கிடந்துவிட்டது.

பகிர வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பகிர்வு நடந்த காலமும் உண்டு. 2011 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டும் கார்டியனும் ஃபேஸ்புக்குக்குள் இயங்கும் வாசிப்புச் செயலிகளை வெளியிட்டன. ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், நீங்கள் எதைப் படித்தாலும் அது தானாகவே நண்பர்களுக்குத் தெரிந்துவிடும். கூச்சப்பட வைக்கும் ஒரு கிசுகிசுவைத் திறந்தாலும் அப்படித்தான். எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் அடிப்படைப் பாடம். நோக்கம் இல்லாத இடத்தில் கர்மம் கட்டுவதில்லை. அப்படியானால் அந்தத் தானியங்கிப் பகிர்வின் வினை யாருடையது? படித்தவருடையது அல்ல. அதை அப்படி வடிவமைத்தவருடையது, இசைந்து வெளியிட்ட பத்திரிகையுடையது. வாசகர்கள் விலகத் தொடங்கினார்கள். 2012 முடிவதற்குள் இரண்டு பத்திரிகைகளும் அந்த வழியைக் கைவிட்டன.

பட்டனை வைத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றமும் ஒரு கோணத்தில் சொல்லியிருக்கிறது. ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மன் துணிக்கடைத் தளம் லைக் பட்டனை வைத்திருந்தது. பட்டனைத் தொடாதவர்களின் தகவல்கூட ஃபேஸ்புக்குக்குப் போனது. தகவலைச் சேகரித்து அனுப்பும் அந்தக் கட்டத்துக்குத் தளமும் கூட்டுப் பொறுப்பாளி என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. பேசப்பட்டது அந்தரங்கத் தகவல்தான். ஆனால் 'வாசகர்தானே அழுத்தினார், எனக்கென்ன' என்ற சமாதானம் இனி அவ்வளவு எளிதல்ல.

அதற்காகப் பட்டன்களைப் பிடுங்கி எறியச் சொல்வது சரியாகாது. அறிவிப்பாளர்களை அவ்வளவு கடுமையாகச் சலித்த அதே இஸ்லாமிய மரபில், நபிகளின் இறுதிப் பேருரை இங்கே இருப்பவர்கள் இல்லாதவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும் என்று கட்டளையிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தப் பகுதியில் தண்ணீர் ஏறுகிறது, எங்கே சாப்பாடு கிடைக்கிறது என்ற தகவல் கைமாறியதால் பிழைத்தவர்கள் உண்டு. எடுத்துச் சொல்வது கடமைதான். என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொல்வது அந்தக் கடமையின் பகுதி.

பத்திரிகை அதற்கு உதவ முடியும். குதிரை இறைச்சிச் செய்திக்குப் பிறகு கார்டியன் பழைய செய்திகளின் தேதியை மஞ்சள் பட்டையில் எடுப்பாகக் காட்டத் தொடங்கியது. சமூக ஊடகத்தில் தெரியும் படத்தின் மேலேயே வெளியான ஆண்டைப் பொறித்தது. லிங்க்கைத் திறக்காதவர் கண்ணிலும் அது படும். 2020-இல் ட்விட்டர், கட்டுரையைத் திறக்காமல் பகிரப் போகிறவரிடம் முதலில் படிக்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தது. அந்தக் கேள்வியைக் கண்டவர்கள் கட்டுரைகளைத் திறப்பது 40 சதவீதம் கூடியது என்று நிறுவனம் சொன்னது. உறையும் தபால்தலையும் கொடுத்த இடைவெளியில் ஒரு துளி திரும்பக் கிடைத்திருக்கிறது.

திருத்தம்தான் இன்னும் தீராத சிக்கல். புறங்கூறியவர் மனம் திருந்தினால் மட்டும் போதாது, கேட்டு நம்பியவர்களிடம் போய் அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பது ககனின் சட்டம். பத்திரிகையால் அது முடியாது. வாட்ஸ்அப்பில் போன லிங்க் யார் யாரிடம் போனது என்று அதற்குத் தெரியாது. ஆனால் லிங்க் ஒன்றுதான். நாளை யார் திறந்தாலும் அதே பக்கம்தான் திறக்கும். எனவே எது தவறாக வந்தது, எது சரி, எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்பதைக் கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒதுக்காமல், தலைப்புக்குக் கீழே முதல் பத்தியாகவே வைக்கலாம். பகிரும்போது தெரிகிற படத்திலும் 'திருத்தப்பட்டது' என்று பொறிக்கலாம். ஆண்டைப் பொறிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான வேலை அல்ல.