மெஷின் ஆறட்டும்

அந்தக் கடையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது மெஷினை இயக்குவதை அல்ல, அணைப்பதை. "வேலை முடிஞ்சதும் சுவிட்சைத் தட்டிட்டுப் போயிராதம்மா. தண்ணி ஓடட்டும். பத்து நிமிஷம் ஆறட்டும்" என்றார் முதலாளி. மதுரையில் கேடயம், பெயர்ப்பலகை, கல்யாணப் பரிசு இவற்றில் லேசரால் பெயர் பொறிக்கும் சின்னக் கடை. 2016இல் அங்கே சேர்ந்தபோது எனக்கு 23 வயது.

லேசர் குழாய் கண்ணாடியால் ஆனது. உள்ளே கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் ஹீலியமும் கலந்த வாயு. அதைச் சுற்றி ஒரு கண்ணாடி உறை, அந்த உறைக்குள் ஓயாமல் ஓடும் தண்ணீர். குழாய்க்குள் போகும் மின்சாரத்தில் சிறு பங்குதான் மரத்தையும் அக்ரிலிக்கையும் செதுக்கும் ஒளியாகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் சில்லருக்குப் போய், குளிர்ந்து திரும்பும். ஒளி நின்ற பிறகும் கண்ணாடியில் சூடு இருக்கும். அப்போதே தண்ணீரையும் நிறுத்தினால் உறைக்குள் தேங்கிய நீர் சூடேறிக் குழாயின் ஆயுள் குறையும். மோசமானால் விரிசல் விடும். புகையை இழுக்கும் விசிறியும் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மெஷினுக்காக ஓடிய அந்த விசிறியால் எங்கள் நெஞ்சுக்கும் கொஞ்சம் நல்லது நடந்தது. சில்லரில் எண் 25ஐத் தொட்டாலே எனக்குப் பதறும். "குழாய் போச்சுன்னா உன்னோட மூணு மாசச் சம்பளம்" என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

எங்களோடு ஒரு அக்கா இருந்தார். பொறித்து முடித்த பொருள்களைத் துடைத்து, தாள் சுற்றி, பெட்டியில் அடைப்பது அவர் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை நின்றபடியே. கணுக்காலுக்கு மேல் நரம்பு சுருட்டிக்கொண்டு புண்ணாகியிருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டுவார், ஆஸ்பத்திரி மருந்தும் போடுவார். "ஆற மாட்டேங்குதும்மா" என்பார். நின்றுகொண்டே இருந்தால் எப்படி ஆறும்?

ஒருநாள் இரவு கடைசிக் கேடயம் முடிந்தது. மெஷின் ஆறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மெஷினைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் அந்தப் பத்து நிமிடம் உட்கார எனக்கு அனுமதி உண்டு. அக்கா ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். முதலாளி திரும்பிப் பார்த்தார். "வேலை முடிஞ்சா கிளம்ப வேண்டியதுதானே. உட்கார்றதுக்கு இதென்ன பார்க்கா?"

அக்கா எழுந்துவிட்டார். சில்லரின் பம்பு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. நான் ஏதாவது பேசப்போய், "அப்ப நீ மட்டும் ஏன் உட்கார்ந்திருக்க?" என்று கேட்டுவிட்டால் என் ஸ்டூலும் போகும். மெஷின் பேரில் எனக்குக் கிடைத்த ஓய்வை அக்காவோடு பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. மெஷினின் சூடு எத்தனை டிகிரி என்று எந்த நேரமும் சொல்வேன். அக்காவின் கால் எவ்வளவு வலித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

உட்காருவது உரிமை என்று சட்டம் சொல்லப் போராட்டம் தேவைப்பட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக்கடைப் பெண்கள் விஜி போன்றோரின் முன்னெடுப்பில் போராடி, கேரளத்தில் 2018இல் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு ஒருமுறை அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நாற்காலி வந்திருந்தது. அதன்மேல் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அக்கா வேலையை விட்டு நாளாயிற்று என்றார்கள்.

விலை உள்ளது எதற்கும் பதிலாக இன்னொன்றை வைக்கலாம், மாண்பு உள்ளதற்குப் பதில் கிடையாது என்று 1785இல் வெளிவந்த அறவியல் நூலில் கான்ட் பிரித்துச் சொன்னார். (பெண்களை முழுக் குடிமக்களாக அவர் எண்ணவில்லை என்பது தனிக்கதை.) அந்தக் கடையில் அது தலைகீழாக நடந்தது. குழாய்க்கு விலை இருந்ததால் அதை ஆறவிட்டார்கள். அக்காவுக்குப் பதில் மறுநாளே வேறொரு பெண் கிடைப்பார்.

"மெஷினுக்குக் காட்டும் அக்கறையையாவது மனுஷிக்குக் காட்டுங்கள்" என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கைதட்டல் கிடைக்கும் வாக்கியம். இப்போது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மெஷினை ஆறவிடுவது நாளைக்கும் அதை ஓட்டுவதற்காக. அந்தக் கணக்கில் எனக்கு ஓய்வு கொடுத்தால் அதற்குப் பெயர் பராமரிப்பு. நாளைக்கு வேலையே இல்லையென்றால்? வயதாகி, இனி எதற்கும் பயன்படமாட்டாள் என்றால்? அப்போதும் அவள் உட்காரலாமா? ஆற அமர என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. எதற்காக ஆற, எதற்காக அமர என்று அது கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் தட்டில் இருந்த சோறுதான் எப்போதும் ஆறியிருக்கும். அம்மா ஆற அமர உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இப்போது வீட்டு முன்னறையில் எனக்கென்று ஒரு சின்ன மெஷின் இருக்கிறது, பழசாக வாங்கியது. சாயங்காலம் வேலை முடிந்ததும் தண்ணீரை ஓடவிட்டு உட்காருவேன். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வரும். "வேலைதான் முடிஞ்சிருச்சேம்மா, இன்னும் என்ன பண்ற?"

"மெஷின் ஆறணும் அத்தை" என்பேன்.

சில்லர் 20க்கு இறங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும்.