நிவாரணம் யாருக்கு உரியது?

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமிழகம் பெறவேண்டிய மழையில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் அழிந்த பயிருக்கு நிவாரணம் உண்டு. நெல்லுக்கும் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது.

விஸ்வநத்தத்தைச் சுற்றியுள்ள கரிசலில் பெரும்பாலும் மானாவாரியே. அப்பகுதியில் நான்கு ஏக்கரை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் விதைத்தார் ஒருவர். உழவுக்கும் விதைக்கும் உரத்திற்கும் கடன் வாங்கியவர் அவர். கருகிய தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போட்டவரும் அவரே. நிவாரணம் 12,000 ரூபாயோ நகரத்தில் வாழ்ந்த நில உரிமையாளரின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. பட்டா அவர் பெயரில். அடங்கலிலும் அவர் பெயரே.

வழக்கு நம்மிடம் வந்தது. உரிமையாளர் இரக்கம் காட்டிப் பாதியைக் கொடுக்கலாமே என்று நாம் சொல்ல முற்பட்டோம். குத்தகைக்காரர் இடைமறித்தார்: "சாமி, நான் தருமம் கேக்கல. நான் போட்ட விதைக்குக் கேக்குறேன்." இறையியல் படித்த நமக்கு அச்சொல் ஒரு பாடமாயிற்று.

அரசைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் பொதுப்பணத்தைக் கையாளும் கிராம நிர்வாக அலுவலர் ஏட்டை நம்பாமல் வேறெதை நம்புவார்? வாய்ச்சொல்லே போதும் என்றால் பரிந்துரையும் செல்வாக்கும் உள்ளே நுழையும். அப்போதும் ஏழையே தோற்பான். குத்தகையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்தது. ஆனால் 1955ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற இயலாதபடி காக்கிறது. அதற்கு அஞ்சியே உரிமையாளர் பலர் எதையும் எழுத்தில் தருவதில்லை. ஏழையைக் காக்க எழுந்த வேலியே அவன் பெயரை ஏட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

நிற்க. ஏட்டில் பெயர் உள்ளவருக்கே பணம் உரியதாகிவிடுமா? புனித தோமா அக்குவினார் நீதியை ஆராயுங்கால், தனி மனிதர் தமக்குள் கொடுத்து வாங்கும் நீதி வேறு, பொதுவில் உள்ளதைச் சமூகம் தன் உறுப்பினருக்குப் பங்கிடும் நீதி வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். நிவாரணம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது நிலத்தின் விலையன்று, வாடகையுமன்று. பேரிடர் நிதி விதிகள் அதற்கு இட்டுள்ள பெயரே இடுபொருள் மானியம். அப்படியானால் இடுபொருளை இட்டவர் எவரோ அவருக்கே அது உரியது. உரிமையாளர் கணக்கில் பணம் ஏறியதோடு பங்கீடு முடிந்துவிடவில்லை. எஞ்சிய ஒரு படியை அவர் மனச்சான்றே நிறைவேற்ற வேண்டும்.

இதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அந்நிலத்தில் களையெடுத்துக் கதிரொடித்துக் கூலி பெற்றிருக்கவேண்டிய பெண்களின் இழப்பை எந்த அடங்கல் எழுதும்? விளையாத காட்டில் அவர்களுக்கு வேலையில்லை. நிலமும் இல்லாததால் நிவாரணமும் இல்லை. பட்டாசு ஆலை சிலருக்குக் கைகொடுத்தது உண்மை. மழை பறித்த கூலியை மருந்தின் நடுவே உட்கார்ந்து ஈட்டவேண்டியிருந்ததும் உண்மை. இவ்விழப்புக்கு விடை கூற நம்மால் இயலவில்லை. அதை இழப்பு என்று ஒப்புக்கொள்வதாவது முதற்படியாகும்.

அவ்வழக்கில் உரிமையாளர் இறுதியில் 8,000 ரூபாய் கொடுத்தார். "உதவி" என்று சொல்லியே கொடுத்தார். குத்தகைக்காரர் நன்றி கூறவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலாயிரம் இருக்கு" என்றார். அவரை நன்றியற்றவர் என்று ஊரில் சிலர் பேசினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தமக்கு உரியதைக் கணக்கிட்டுச் சொல்ல ஏழைக்கும் உரிமை உண்டு. பெற்றவருள் நாமும் ஒருவராயின், நம்மிடம் இன்னும் எத்தனை நாலாயிரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.