நீர் யாருடையது?

“என் நிலம், என் கிணறு, என் நீர்” என்று சொல்லிப் பழகிவிட்டோம். முதலிரண்டும் பத்திரத்தில் உள்ளவை. மூன்றாவது எவ்வாறு நமதாகும்? நிலத்தடி நீர் வரப்பை அறியாதே!

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கழனியில் ஆழ்துளைக் கிணறு இறக்கினோம். நீர் பெருகியது, மகிழ்ந்தோம். அடுத்த கோடையில் பக்கத்து நிலத்தாரின் திறந்த கிணறு வற்றியது. அவர் எங்களைக் குறை கூறவில்லை. அந்த மௌனம் இன்றளவும் என் நெஞ்சை உறுத்துகிறது. சட்டத்தை மீறவில்லை, அறத்தை மீறினோமா? இவ்வினாவுக்கு ஏரியே எனக்கு ஆசானாயிற்று.

ஏரி என்பது தேங்கிய நீர் மட்டுமன்று. மேட்டுநிலத்தில் மரங்கள் நின்றால் மண் அரிக்காது, வரத்துக்கால் தூர்ந்துபோகாது. ஏரியில் நீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். கோடையில் அள்ளும் வண்டல் கழனிக்கு எருவாகும். அள்ளிய பள்ளம் மழைநீரை ஏற்கும். ஒன்றை விட்டு ஒன்றைப் பேண இயலாது. இதனை உணர்ந்தே முன்னோர் ஏரியை ஊர்ப்பொதுவில் வைத்தனர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைக் காத்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் பயிருக்கு உரமாயிற்று. உயிரைக் காத்தலும் பயன்கொள்ளலும் அங்கே பகையாகவில்லை.

ஏரிக்கு மதகும் உண்டு, கலங்கலும் உண்டு. மதகு நம் தேவைக்கு; கலங்கல் மிகுதிக்கு. கலங்கல் வழிந்த நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். கீழூரார் அதனைத் தானமாகப் பெறுவதில்லை, உரிமையாகவே பெறுகின்றனர். எல்லாம் எமக்கே என்று கலங்கலை அடைத்தால் கரையே உடையும். இல்லறத்தார்க்கு விதித்த மிகுபொருள் விரும்பாமையும் இதுவன்றோ? பயன்கொள்ளாதே என்று அவ்விரதம் கூறவில்லை. அளவு வரைந்துகொள் என்றே கூறுகிறது.

“நான் ஒருவன் நிறுத்தினால் மற்றவர் இறைக்கமாட்டார்களா?” என்பர் சிலர். இறைப்பர். ஆயினும் பிறர் ஏற்ற பின்னரே ஏற்பது விரதமாகாது. ஒருவர் தொடங்கினால்தான் ஊர் கூடிப் பேசவும் வழி பிறக்கும்.

நாங்கள் கரும்பை விட்டுக் கேழ்வரகுக்கும் வேர்க்கடலைக்கும் மாறினோம். இறைக்கும் நேரத்தையும் குறைத்தோம். பக்கத்துக் கிணறு முற்றும் மீண்டதெனச் சொல்வதற்கில்லை. செய்த பிழை அவ்வளவு எளிதில் அழியாது. இனி வரப்போகும் பிழையையேனும் தடுக்கலாம். அவரவர் கலங்கல் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று அவரவரே பார்த்துக்கொள்வோமாக.